சிவப்புக்குள் வைத்த சாம்பல் பச்சையடிக்கிறது: டியூப்பை மாற்ற வேண்டாம்

கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்த சாம்பலைச் சிவப்புப் பரப்பின் நடுவில் சதுரமாகத் தீட்டினால் பச்சையாகத் தெரிகிறது, இரண்டு டியூப் மாற்றியும் சரியாகவில்லை என்கிறீர்கள். நண்பரே, மூன்றாவதும் வாங்கிவிடாதீர்கள்.

முதலில் ஒரு வெள்ளை அட்டையில் விரல்நகம் அளவுக்கு ஓட்டை போட்டு, சிவப்பு முழுக்க மறையும்படி சாம்பல்மேல் வைத்துப் பாருங்கள். பச்சை போய்விடும். லேசாக நீலம் தங்கினால் அது கறுப்புச் சாயத்தின் வேலை. ஐவரி பிளாக் என்ற கறுப்புடன் வெள்ளை சேர்ந்தால் அப்படித்தான் வரும். மற்றதெல்லாம் கண்ணின் வேலை. சுற்றிலும் சிவப்பு இருந்தால், நடுவில் உள்ளதைச் சிவப்பின் எதிர்நிறமான பச்சையின் பக்கம் தள்ளிக் காட்டும்.

பாரிஸில் சித்திரத் திரைச்சீலை நெய்யும் கோப்லென் கூடத்திலும் அந்தக் காலத்தில் இதே மாதிரிப் புகார்தான்: கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறதாம். 1824இல் சாயப் பிரிவுக்கு வந்த வேதியியலாளர் ஷெவ்ரல் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் காரணம். 1839இல் அதைத் தடித்த புத்தகமாகவே எழுதிவிட்டார்.

சரி, தீர்வு. அதே சிவப்பில் குண்டூசித் தலையளவு எடுத்துச் சாம்பலில் கலந்து, ஒரு காகிதத் துண்டில் தடவிப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வண்ணம் கலக்கும் தட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அங்கே அது அழுக்கு ரோஜாவாகத்தான் தெரியும். அப்புறம், சாம்பலும் சிவப்பும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்தால் இந்த விளைவு கூடும். சாம்பலை நன்றாக வெளுக்க வைத்தால் குறையும்.

எனக்கென்னவோ அந்தப் பச்சையை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது.