ஒரு ரிமோட் சாவி தொலைந்துவிட்டது, இன்னொன்று எங்கே செய்வது?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு, சாவி போட்டுத் திருக வேண்டாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். கொடுத்த இரண்டு ரிமோட்டில் ஒன்று, காபி பறிப்பு நடக்கும்போது தோட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டது. சேலத்தில் ஷோரூமில் கேட்டேன். ரிமோட்டுக்கு நான் நினைத்ததைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். அதோடு, முழு செட்டையும் மாற்றிவிடுவது நல்லது என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு அரை மணி நேரத்தில் டூப்ளிகேட் போட்டுத் தருகிறாராம். வண்டியைக் கொண்டு வாருங்கள், அதற்கு முன் சாவியோடு வந்த நம்பர் அட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? புது சாவியைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அந்தப் போட்டோவை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், சர்வீஸ் சென்டரில் அதையும் மறைக்காமல் சொல்லி, எண்ணை மாற்ற வழி உண்டா என்று கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்றால், பல வண்டிகளில் அந்த எண்ணும் ஒரு சாவிதான். ரிமோட் தொலைந்தாலோ கெட்டுப்போனாலோ, அந்த எண்ணை வண்டியிலேயே ஒரு முறைப்படி அழுத்திப் பதித்து வண்டியை எழுப்பலாம். அவசரத்துக்கென்று கம்பெனி வைத்த வழி அது. அதைப் போட்டோ எடுத்து அனுப்புவதும், வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு வருவதும் ஒன்றுதான். அட்டையை வண்டிக்குள் வைக்காதீர்கள், ரிமோட்டோடு சேர்த்து வளையத்தில் மாட்டாதீர்கள். ஆர்.சி. புக் இருக்கும் பீரோவில் வையுங்கள். எண்ணை மட்டும் வீட்டில் இன்னொருவர் நோட்டில் எழுதி வைத்திருக்கட்டும்.

இப்போது அந்த 'டூப்ளிகேட்' விஷயம். பழைய சாவியில் பல் வெட்டுவார்கள். கடைக்காரர் உங்கள் சாவியை மெஷினில் ஒரு பக்கம் மாட்டி, மறுபக்கம் வெற்றுச் சாவியை மாட்டி, இரண்டு நிமிடத்தில் அதே பல்லை வெட்டிக் கொடுப்பார். ரிமோட் சாவியில் வெட்டுவதற்குப் பல் கிடையாது. நீங்கள் சுவிட்சைத் தொட்டதும் வண்டி குறைந்த அலைவரிசையில் ஒரு கேள்வி கேட்கும். இரண்டு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் ரிமோட் அதற்குப் பதில் அனுப்பும். ஒவ்வொரு முறையும் கேள்வி வேறு, பதில் வேறு. பதில் சரியாக இருந்து, அந்த ரிமோட்டின் பெயர் வண்டியின் நினைவில் இருந்தால்தான் வண்டி எழும்.

ஆகவே இன்னொரு ரிமோட் வாங்குவது, ரேஷன் கார்டில் ஒரு பெயர் சேர்ப்பது மாதிரி. கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனால் கடையில் அரிசி போடமாட்டார்கள், பெயர் பதிவில் ஏற வேண்டும், கைரேகை ஒத்துப்போக வேண்டும். இங்கேயும் புது ரிமோட்டை, வண்டிக்குள் ரிமோட்டை அடையாளம் காணும் பெட்டியான கண்ட்ரோல் யூனிட்டில் கம்பெனி கருவியை இணைத்துப் பதிய வேண்டும். பதியும்போது உங்களிடம் உள்ள எல்லா ரிமோட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது அங்கே இல்லாத ரிமோட்டின் பெயர் பல வண்டிகளில் தானாக நீங்கிவிடும். உங்களுக்கு இது நல்லதுதான். காபிச் செடிக்குக் கீழே கிடக்கும் ரிமோட் நாளைக்கு யார் கையில் கிடைத்தாலும் வண்டியை எடுக்க உதவாது. ஆனால் வீட்டில் உள்ள ஒன்றை மறந்துவிட்டுப் போனால் அதுவும் செத்துப்போகும். இரண்டாவது முறை மலை இறங்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் அரை மணி நேரத்தில் முடித்துத் தருபவர் என்ன செய்வார்? நான் பிரித்துப் பார்த்த வண்டிகளை வைத்துச் சொல்கிறேன். ஒரு வகை, வேறு வண்டியிலிருந்து கழற்றிய ரிமோட்டை வாங்கி வருவது. ஒரு வண்டியில் பதிவான ரிமோட் பெரும்பாலும் இன்னொரு வண்டியில் ஏறாது. அவரும் அரை மணி முயற்சி செய்துவிட்டு, கண்ட்ரோல் யூனிட் போய்விட்டது என்று உங்கள் தலையில் கட்டுவார். இன்னொரு வகை இதைவிட மோசம். முன்பக்க பேனலைக் கழற்றி, பூட்டும் அமைப்பையே ஒயரில் தாண்டவிட்டு, சந்தையில் கிடைக்கும் ஏதோ ஒரு ரிமோட் கிட்டைச் சொருகிவிடுவார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும், உங்களுக்கும் சந்தோஷம். ஆறு மாதத்தில் இன்சுலேஷன் டேப் இளகி, ஏற்காட்டு ஈரம் உள்ளே இறங்கி, ஒயர் முனை பச்சை பூத்து நிற்கும். அப்படி வந்த ஒரு வண்டியில் ஹெட்லைட் ஒயர் கருகி, பிளாஸ்டிக் உருகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. அந்த வண்டிக்குக் கம்பெனி வாரண்டியும் கிடைக்கவில்லை. திருட்டுப் பூட்டு என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. இந்த வேலையைத் தெரிந்தே செய்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

ஷோரூம்காரர் சொன்னதையும் அப்படியே கேட்க வேண்டாம். ஒரு ரிமோட் கையில் வேலை செய்கிறது, அட்டை இருக்கிறது என்றால், முழு செட்டை மாற்றச் சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஒரு ரிமோட் போதும், பதிவு போதும். 'ஜாப் கார்டு போடுங்கள், ரிமோட்டின் பார்ட் நம்பரோடு எஸ்டிமேட் எழுதிக் கொடுங்கள், பதிவுக் கூலியைத் தனியாகக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல இடங்களில் 'முழு செட்' என்ற பேச்சு காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். ரிமோட் வரும் பாக்கெட்டில் விலை அச்சிட்டிருக்கும், பில்லை அதோடு ஒப்பிடுங்கள். விலை அதிகம்தான். 2023 ஜனவரியில் ஆக்டிவாவில் ஸ்மார்ட் சாவி வந்தபோதே, இது சாதாரணக் குடும்ப வண்டிக்கு வந்துவிட்டது. 2024-ல் யமஹாவின் ஏராக்ஸ் ஸ்கூட்டரிலும் வந்தது. குடும்ப வண்டிக்குத் தந்த சாவியைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில், ஸ்டாக்கில் வைத்து விற்க வேண்டாமா? ஆர்டர் போட்டுக் காத்திருங்கள் என்று இன்னும் சொல்வது நியாயமில்லை.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மிச்சமுள்ள ஒன்றும் தொலைந்து, அட்டையும் இல்லையென்றால், அப்போதுதான் கண்ட்ரோல் யூனிட்டையே மாற்றும் நிலை வரும். ஹேண்டில் லாக் போட்ட வண்டியை உருட்டவும் முடியாது. நாலு பேர் தூக்கிக் குட்டியானையில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கொண்டு வர வேண்டும். அதற்கான வாடகையைச் சேர்த்தால் ரிமோட் மலிவாகத் தெரியும்.

இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டியை ஃபைனான்ஸில் வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்தில் சில ஃபைனான்ஸ்காரர்கள் வண்டி கொடுக்கும்போதே ஒரு சாவியைக் கவரில் போட்டு வைத்துக்கொள்வார்கள். உங்களுக்கு இரண்டும் கொடுத்திருக்கிறார்கள் என்பதால் தப்பித்தீர்கள். ஆனால் இதைப் படிக்கும் பலருக்கு அந்த இரண்டாவது ரிமோட் ஃபைனான்ஸ் ஆபீஸ் பீரோவில்தான் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் தொலைந்த சாவிக்குப் பதிலாகப் புதியது வாங்க ஓடும் முன், ஃபைனான்ஸ்காரர் கொடுத்த வண்டிக் கடன் அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். சாவி கொடுத்ததற்கு ரசீது உண்டா? இல்லையென்றால் இன்றைக்கே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். புது ரிமோட் பதியும் நாளில் அந்தக் கவர் சாவியும் அங்கே வர வேண்டும். வராவிட்டால் பதிவில் அது நீங்கி, கடன் முடிந்த பிறகு வெறும் பிளாஸ்டிக்கைத்தான் உங்களிடம் தருவார்கள். அப்புறம், கடன் முடிந்ததும், பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி.யும் ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வாங்குவதில் கவனமாக இருக்கும் நம் ஆட்கள், சாவியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். மூன்று வருடம் கவரில் கிடந்த ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பேட்டரி பெரும்பாலும் சி.ஆர். 2032, கடிகாரக் கடையில் கிடைக்கும். ரிமோட்டின் ஓரத்தில் சின்னப் பள்ளம் இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தில் துணியைச் சுற்றி அங்கே வைத்து மெதுவாக நெம்பினால் இரண்டாகப் பிரியும். பழைய பேட்டரி எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் புதியதும் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருந்தால் மடங்காமல் திரும்ப அமர்த்துங்கள். அது மடங்கினால் மழைத்தண்ணீர் நேராக உள்ளே போகும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது. வண்டியின் சொந்த பேட்டரி இறங்கினாலும் ரிமோட்டுக்குப் பதில் வராது. அதைச் சாவிக் கோளாறு என்று நினைத்துப் பணம் செலவழித்தவர்கள் உண்டு.

போலீஸ் ரசீது வேண்டுமா? ஒரு ரிமோட் கையில் இருக்கும்போது, ஆர்.சி.யும் ஆதாரும் காட்டினால் போதும் என்பது என் கருத்து. ஆனால் சில இடங்களில் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர்., அதாவது மனுவைப் பதிந்ததற்கான ரசீது, வாங்கி வா என்பார்கள். என் சொந்தக்காரப் பையன் ஒருவன் இதற்காக அலைந்தான். ஷோரூமில் சி.எஸ்.ஆர். கேட்டார்கள். ஸ்டேஷனில், ஷோரூம் லெட்டர் கொண்டு வா, சாவிக்கெல்லாம் எதற்கு என்றார்கள். மூன்று நாள் லீவு போட்டு, கடைசியில் கையால் எழுதிய மனுவில் முத்திரை வாங்கினான். தொலைந்த ஆர்.சி.க்குப் போலீஸ் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியும் வசதி இருக்கிறது, சாவிக்கு மட்டும் ஏன் இந்த அலைச்சல் என்று யாரும் கேட்பதில்லை. அலைச்சல் என்றாலும் உங்களுக்கு அந்த ரசீது வேறு ஒரு காரணத்துக்குப் பயன்படும். நாளைக்கு வண்டி திருட்டுப்போனால் இன்சூரன்ஸ்காரர்கள் எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி.யோடு கம்பெனி கொடுத்த எல்லாச் சாவியையும் கேட்பார்கள். ஒன்று இல்லையென்றால், வண்டியில் விட்டுவிட்டு வந்தீர்களா என்று இழுத்தடிப்பார்கள். எனவே தொலைந்த தேதியைச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இப்போதே ஒரு மெயில் போடுங்கள். புது ரிமோட் வாங்கிய பில்லை பாலிசியோடு சேர்த்து வையுங்கள். பாலிசியில் சாவி மாற்றுக்கான கூடுதல் கவர் எடுத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள். எடுத்திருந்தால் பில் தொகையில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கலாம்.

சீட்டுக்கு அடியில் வைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம். ரிமோட் டிக்கிக்குள் இருந்தால் வண்டி எப்போதும் 'முதலாளி பக்கத்தில் நிற்கிறார்' என்றே நினைத்துக்கொண்டிருக்கும். வருகிறவர் போகிறவர் யார் தொட்டாலும் ஸ்டார்ட் ஆகும். வீட்டுத் திண்ணையில் வண்டியை நிறுத்திவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஆணியில் ரிமோட்டை மாட்டுவதும் அதே மாதிரிதான். இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி, உள் அறையில் வையுங்கள்.

இன்னொன்றும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, ரிமோட் விலகிப் போனாலும் நிற்காது. மீட்டரில் விளக்கு மட்டும் சிமிட்டும், வெயிலில் கண்ணில் படாது. என்னிடம் வரும் ஒருவர் அஸ்தம்பட்டியில் வண்டியை எடுத்தார், ரிமோட் மனைவியின் கைப்பையில். நான் பஸ்ஸில் வருகிறேன் என்று அந்த அம்மா வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டார். இவர் அடிவாரம் தாண்டி மலையேறி, ஒரு வளைவில் குரங்குகளைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஆஃப் செய்தார். அதற்குப் பிறகு அது எழவில்லை. பஸ் அவரைத் தாண்டி மேலே போய்விட்டது. போனில் சொல்லி, அந்த அம்மா ஏற்காட்டிலிருந்து அடுத்த பஸ் பிடித்து இறங்கி வந்து கைப்பையை நீட்டும்வரை, மூடுபனியில் நனைந்துகொண்டு ஓரமாக நின்றிருந்தார். உங்களுக்குப் புது ரிமோட் வந்ததும் ஒன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், மற்றது வீட்டில் யாரிடம் என்று அன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.