நியூயார்க் ஹாலண்ட் டன்னலுக்கும் ஹாலந்து நாட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

இல்லை. ஜெர்சி சிட்டிக்குக் குடிவந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் ஆண்ட ஊராயிற்றே என்று. நியூயார்க்கையும் ஜெர்சி சிட்டியையும் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் இணைக்கும் இந்தச் சுரங்கச் சாலைக்கு வைத்தது ஒரு சிவில் இன்ஜினியரின் பெயர்.

கிளிஃபோர்ட் ஹாலண்ட், 1883இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1906இல் ஹார்வர்டில் படிப்பை முடித்த கையோடு நியூயார்க் வந்து, ஈஸ்ட் ஆற்றுக்கு அடியில் ரயில் பாதை தோண்டும் வேலையில் சேர்ந்தார். அதன்பின் பிழைப்பே ஆற்றுக்கு அடியில்தான். 1919இல் ஹட்சன் ஆற்றுக்குக் கீழே கார் போக வழி போடும் தலைமைப் பொறியாளர் பொறுப்பு வந்தபோது வயது 36. பனாமா கால்வாய் புகழ் பொறியாளர் கோதல்ஸ் ஏற்கெனவே ஒரு திட்டம் தந்திருந்தார்: ஒரே பெரிய கான்கிரீட் குழாய், உள்ளே மேலும் கீழுமாக இரண்டு சாலை. ஹாலண்ட் அதை ஓரங்கட்டிவிட்டு, வார்ப்பிரும்பில் தனித்தனியாக இரண்டு குழாய் என்றார். துணிச்சல்தான்.

தோண்டுவது அவருக்குப் பழகிய வேலை. தலைவலி புகைதான். மின்சார ரயில் புகை விடாது, கார் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். ஒன்றரை மைலுக்கு மேல் நீளம். ஒரு முனையிலிருந்து ஊதினால் உள்ளே சூறாவளி. யேல் பல்கலைக்கழகத்தில் ஆட்களை அறைக்குள் உட்காரவைத்து, வாயுவை விட்டு, எவ்வளவு தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். பென்சில்வேனியாவில் பூமிக்கடியில் வட்டப்பாதை போட்டுக் கார்களைச் சுற்றவிட்டார்கள். கடைசியில் காற்றை நீளவாக்கில் விடாமல் குறுக்கே விட்டார்கள். சாலைக்கு அடியிலிருந்து ஓரத்துத் துளைகள் வழியாக நல்ல காற்று வரும், கெட்ட காற்றைக் கூரை உறிஞ்சிக்கொள்ளும். நான்கு கட்டடங்களில் 84 ராட்சத விசிறிகள்; 90 நொடியில் உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறிவிடும். இதில் ஓலே சிங்ஸ்டாட் என்ற பொறியாளரின் பங்கும் பெரியது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முக்கால் மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டேன். தலை வலித்தது, ஆனால் பின்சீட்டில் பிள்ளைகள் போட்ட சண்டையால்.

ஓயாத உழைப்பு ஹாலண்டின் உடம்பைத் தின்றுவிட்டது. ஓய்வுக்காக மிச்சிகன் போனவர் 1924 அக்டோபர் 27இல் மாரடைப்பில் இறந்தார். வயது 41. இரண்டு கரையிலிருந்தும் தோண்டி வந்தவர்கள் நடு ஆற்றில் சந்திக்க இன்னும் இரண்டே நாள். ஜனாதிபதி கூலிட்ஜ் பொத்தானை அழுத்தி கடைசி வெடியை வெடிப்பதாக இருந்தது. விழாவை ரத்து செய்துவிட்டு, சத்தமில்லாமல் இணைத்தார்கள். அடுத்து வந்த மில்டன் ஃப்ரீமனும் சில மாதங்களில் நிமோனியாவில் போய்விட, சிங்ஸ்டாட்தான் முடித்தார்.

1927 நவம்பர் 13இல் திறந்தபோது ஹாலண்டின் பெயர் வைத்தாயிற்று. காருக்குக் கட்டணம் 50 சென்ட். இப்போது எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.