போட்ட காசு பிடித்து இழுக்கும்போது

கேள்வி: நாட்டுப்படகுத் தொழில் செய்கிறேன். பங்குனியில் பழைய டீசல் இன்ஜின் ஒன்றை 70 ஆயிரத்துக்கு வாங்கினேன். பிஸ்டன், ரிங், ஹெட் வேலை என்று 35 ஆயிரம் போய்விட்டது. இப்போது கிராங்க் போச்சு, இன்னும் 28 ஆயிரம் ஆகும் என்கிறார் மெக்கானிக். வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்கிறார் மச்சான். லட்சத்துக்கு மேல் போட்டதை எப்படி ஐயா விடுவது? விற்றவர் மேல் கேஸ் போடலாமா?
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: போட்ட 1,05,000 ரூபாய் போனதுதான். ரிப்பேர் பார்த்தாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. கணக்கிலிருந்து அதை அடித்துவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். 1985-இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாடக சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும் விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தது முழு விலை கொடுத்தவர்கள்தான். எல்லாருக்கும் அதே நாடகம்தான். கொடுத்த காசுதான் ஆளை இழுத்து வந்தது.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இதே இன்ஜின், இதே பழுதோடு பாம்பனில் வேறொருவர் கொட்டகையில் கிடக்கிறது. இன்றைக்கு என்ன விலைக்குக் கேட்பீர்கள்? சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று தோன்றினால் விற்றுவிடுங்கள். '20 ஆயிரம் தரலாம், மேலே 28 போட்டால் 48 ஆயிரத்தில் ஓடுகிற இன்ஜின்' என்று தோன்றினால் ரிப்பேர்தான் சரி. மச்சான் சொல்வதை அப்படியே கேட்கவும் வேண்டாம். சலித்துப்போனவர் கணக்குப் பார்ப்பதில்லை. கிராங்கை இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வேலை கிடைக்கப்போகிறவரிடமே வேலை தேவையா என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்ஜின் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களும் செலவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். அந்த நாட்களை இழந்தால் எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கேஸ் விஷயம்: இன்னொரு மீனவரிடம் நேரடியாக விலைக்கு வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் போக வழியில்லை. இன்ஜின் வியாபாரியிடம் பில்லோடு வாங்கியிருந்தால் போகலாம். 'தொழிலுக்கு வாங்கினார், நுகர்வோரே இல்லை' என்று அவர் வாதாடக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பழுதை மறைத்து விற்றார் என்பதை நீங்கள்தான் காட்டியாக வேண்டும். பழைய பாகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பெருநாள் ஆஃபரில் ஃபிரிட்ஜுக்கு 41,500 என்பதை அடித்துவிட்டு 27,990 போட்டிருக்கிறார்கள். 13 ஆயிரம் மிச்சம், விடாதே என்கிறார் லாத்தா. வாங்கட்டுமா?
— வாசகி, கீழக்கரை

பதில்: அடித்துக் காட்டிய 41,500 அதிகபட்ச சில்லறை விலையாக (எம்.ஆர்.பி.) இருக்கும். அது, அதற்கு மேல் விற்கக்கூடாது என்கிற வரம்பு மட்டுமே. அந்த விலைக்கு யாரோ வாங்கினார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் கண்ணில் முதலில் பட்ட எண் மனசில் ஒட்டிக்கொள்ளும். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1974-இல் எழுதிய கட்டுரையில் எண்கள் போட்ட ஒரு சக்கரம் வருகிறது. அதைச் சுற்றிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்கள் நடுவாக 25 என்றார்கள். 65-ஐப் பார்த்தவர்கள் 45 என்றார்கள். சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?

இது தெரிந்திருப்பதால் மட்டும் தப்பிவிட முடியாது. கடைக்குப் போகும் முன்பே எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார், எவ்வளவு பணம் என்று வீட்டில் எழுதிவிடுங்கள். அதே மாடல் எண்ணுக்கு ராமநாதபுரத்தில் இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். உப்புக்காற்று ஊர் நமது; துருப்பிடித்தால் வாரண்டி உண்டா என்றும் கேளுங்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் 6,000 ரூபாய்க்கு வலம்புரிச் சங்கு வாங்கினோம். காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறது. வாங்கிப்போன பலருக்குக் கடன் அடைந்ததாகக் கடைக்காரர் சொன்னார். சித்தப்பா போலி என்கிறார்.
— வாசகி, பரமக்குடி

பதில்: சுற்றியுள்ள ஓசைதான் குழிவுக்குள் எதிரொலித்து இரைகிறது. சொம்பைக் காதில் வைத்தாலும் கேட்கும். நம்பிய பிறகு, ஆமாம் என்று சொல்லக்கூடிய சோதனையை மட்டுமே செய்து பார்க்கிறோம். இல்லை என்று காட்டிவிடக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. சங்கின் வாய்க்குள் டார்ச் அடித்து நடுத்தண்டைப் பாருங்கள். நம் கடல் சங்கில் அங்கே மூன்று நான்கு வரம்புகள் மேடாக ஓடும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஒரு சங்கினம் உண்டு. அதில் பிறப்பவை அநேகமாக எல்லாமே இயல்பாகவே வலம்புரியைப் போலச் சுழலும், அபூர்வமே இல்லை. வலம்புரி என்ற பெயரில் இங்கே கைமாறுவதில் அது நிறைய. அதன் தண்டு வழவழப்பாக இருக்கும். அசல் வலம்புரி அத்தனை அரிது என்பதால் 6,000 என்ற விலையே எனக்குச் சந்தேகம் தருகிறது.

கடன் அடைந்தவர்கள் கதை உண்மையாகவே இருக்கலாம். அடையாதவர்கள் மறுபடி ரயிலேறி வந்து கடைக்காரரிடம் சொல்லிவிட்டா போவார்கள்?

பூசையில் வைப்பது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. பில்லை எடுத்துப் பாருங்கள். 'வலம்புரி' என்று எழுதியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். 'பூசைப் பொருள்' என்று மட்டும் இருந்தால், சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பேசுவதுதான் வழி.