பிரிண்டர் கெட்டுப்போகவில்லை தம்பி, பேப்பரை மாற்றச் சொல்கிறது

தண்டையார்பேட்டை ஆபீஸில் நைட் ஷிஃப்டுக்குப் புதுசு, மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டரின் பிஆர்டி1 பிரிண்டர் நின்றுபோய் கன்சோலில் $ஹாஸ்ப்190 என்ற செய்தி வந்தது, ரத்து செய்யும் $சி கட்டளையைப் போட்டதும் பில் எல்லாம் காணோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எரரே இல்லை. 'செட்டப்' என்று வரும் அந்த வரியிலேயே எஃப்= பக்கத்தில் எந்த ஃபார்ம், அதாவது எந்த வகைப் பேப்பர், வேண்டும் என்று இருக்கும், அதை மாட்டி $எஸ் பிஆர்டி1 என்று ஸ்டார்ட் கொடுத்தால் தானாக ஓடும்.

$சி போட்டால் அச்சாகிக்கொண்டிருக்கும் அவுட்புட்டே அழிந்துவிடும், அதனால்தான் காணோம். பில் போடும் ஜாப்பை (கம்ப்யூட்டரில் ஓடும் வேலையை) மறுபடி ஓட்டும் முன் புரோகிராமரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபைலை அப்டேட் செய்கிற ஜாப் என்றால் அதே பதிவு இரண்டு முறை ஏறிவிடும், அப்புறம் காலையில் உங்கள் தலைதான் உருளும்.

பேப்பர் சிக்கினால் $இசட் போட்டு நிறுத்துங்கள், கிழிந்ததை எடுங்கள், $பி பிஆர்டி1,3 என்றால் மூன்று பக்கம் பின்னால் போகும், பிறகு $எஸ். வேறு அவசர வேலை வந்தால் $ஐ போட்டு இடையில் நிறுத்துங்கள், விட்ட இடத்திலிருந்து பிறகு தொடரலாம்.

இன்னொன்று, நம்ம பக்கம் கடல் காற்று. ராயபுரத்தில் நான் ஆபரேட்டராக இருந்தபோது வராந்தாவில் கிடந்த பேப்பர் பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டுவோம், மடிப்பெல்லாம் நமுத்து ஒட்டிக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு ஜாம். முந்தின நாளே ஏசி ரூமுக்குள் வைத்து, மாட்டும் முன் விசிறிவிட்டுப் பாருங்கள். ஜாப்புக்கு எஸ்0சி7 என்ற எரர் கோடு வந்தால் அது டேட்டா பிரச்சினை, பிரிண்டரைத் தட்டாதீர்கள்.