டாங்க் எதிர்ப்பு ஏவுகணைய பிரிச்சுப் பாத்து செஞ்சிடலாமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஒரு ஏவுகணை கைல சிக்குனா அதப் பாத்து அப்படியே செஞ்சிட வேண்டியதுதானே?

உருவத்த அளந்து செஞ்சிடலாம், சிக்கலே அங்க இல்லீங்க. அமெரிக்காவோட டோ ஏவுகணைய எடுத்துக்கங்க, அது பறக்கப் பறக்க பின்னாடி தலைமுடி மாதிரி மெல்லிசா ரெண்டு கம்பி சுருள்ல இருந்து பிரிஞ்சுட்டே வரும், அது வழியாத்தான் திரும்பு, மேல ஏறுன்னு கட்டளை போகும், வேகமோ வினாடிக்கு கிட்டத்தட்ட 300 மீட்டர், அந்த வேகத்துலயும் கம்பி சிக்கக்கூடாது, அறுந்துடக்கூடாது. கம்பில என்ன உலோகம்னு லேப்ல பாத்துடலாம், ஆனா அத எவ்ளோ இறுக்கமா சுத்துனாங்க, எப்படி டெஸ்ட் பண்ணாங்கன்னு கம்பி சொல்லாது. வெடிமுனையும் அப்படித்தான், உள்ள இருக்கற, கவசத்தத் துளைக்கற செம்புக் கூம்பு லேசா கோணினாலும் ஊடுருவுற சக்தி சரிஞ்சிடும். ஒண்ணு செய்யறது வேற, ஆயிரத்தையும் ஒரே மாதிரி செய்யறது வேற, என்னக் கேட்டா அந்த ரெண்டாவதுதான் நிஜமான வேலை.

கேள்வி: ஏன் எல்லாரும் சோவியத்தோட மால்யுத்கா ஏவுகணையையே காப்பி அடிச்சாங்க?

ஏன்னா அதுல நுணுக்கமான எலக்ட்ரானிக்ஸ் கம்மி, பாதி வேலைய மனுஷனே பாத்துக்கணும். 1963 வாக்குல சோவியத் படைக்கு வந்தது, பெட்டிக்குள்ள தூக்கிட்டுப் போயி அந்தப் பெட்டி மூடி மேலயே வெச்சு ஏவலாம். ஏவுனவர் டாங்கையும் பாக்கணும், பறக்கற ஏவுகணையையும் பாக்கணும், ஜாய்ஸ்டிக்ல ரெண்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவரணும், 3 கிலோமீட்டர் போக 25 வினாடி ஆகும், அவ்ளோ நேரமும் கை நடுங்கக்கூடாது. 1973 போர்ல சினாய்ல எகிப்து வீரர்கள் இத வெச்சு இஸ்ரேல் டாங்குகள அடிச்சப்புறம் உலகமே திரும்பிப் பாத்துச்சு. சீனாவோட எச்ஜே-73, வடகொரியாவோட சுசோங்-போ, ஈரானோட ராத் எல்லாம் இதோட வாரிசுங்கதான். சீனா அப்படியே நிக்கல, அடுத்து வந்த எச்ஜே-73பி-ல குறிய மட்டும் டாங்க் மேல வெச்சிருந்தா போதும், ஏவுகணைய கருவியே வழிக்குக் கொண்டுவந்துடும். காப்பில ஆரம்பிச்சு இப்படி அடுத்த படிக்குப் போனவங்கள நான் ரொம்பவே மதிக்கறேன்.

கேள்வி: ஈரானோட தூஃபான் ஏவுகணை டோவேதானா?

அடிப்படை அதேதான். ஈரான் மன்னர் ஷா காலத்துல டோவ அமெரிக்காகிட்ட வாங்குனாங்க, 1979 புரட்சிக்கப்புறம் சப்ளை நின்னுபோச்சு, அடுத்த வருஷமே ஈராக்கோட போர். 1985-86ல ரகசியமா 2000க்கும் மேல டோ ஏவுகணை ஈரானுக்குப் போய் அமெரிக்காவுல பெரிய ஊழலா வெடிச்சது ஞாபகம் இருக்கும், அந்தளவுக்குத் தேவை இருந்துச்சு. அந்த நெருக்கடிதான் தூஃபானுக்கு அடித்தளம், பின்னாடி ரெட்டை வெடிமுனை ரகமும் வந்துச்சு.

கேள்வி: ஈரானோட இன்னொரு ஏவுகணை தெஹ்லாவியேலயும் கம்பி இருக்கா?

இல்ல. அது ரஷ்யாவோட கோர்னெட்டப் பாத்து செஞ்சது, 2012ல காட்டுனாங்க. ஏவுன இடத்துல இருந்து டாங்க நோக்கிப் பாய்ச்சுற லேசர் கதிருக்குள்ளயே பறக்கும், கதிர உணர்ற சென்சார் ஏவுகணையோட பின்பக்கம் ஏவுன இடத்தப் பாத்தபடி இருக்கும்.

கேள்வி: லைசென்ஸ் வாங்கி செய்யறதுக்கும் இப்படிக் காப்பி அடிக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?

லைசென்ஸ்ல வரைபடம், அளவுல எவ்ளோ பிசகலாம்ங்கற கணக்கு, டெஸ்ட் முறை எல்லாம் கைக்கு வரும். யூகோஸ்லாவியா மால்யுத்காவ அப்படித்தான் செஞ்சுச்சு.

கேள்வி: பெரிய நாடுங்க இப்படியெல்லாம் செஞ்சதே இல்லையா?

செஞ்சிருக்காங்க. ரெண்டாம் உலகப் போர் முடியற நேரத்துல ஜெர்மனி எக்ஸ்-7னு கம்பி வழி ஏவுகணை ஒண்ணு உருவாக்கிட்டு இருந்தாங்க, போருக்கப்புறம் பிரான்ஸ் அந்த வேலைய அடிப்படையா வெச்சுத்தான் எஸ்எஸ்-10 செஞ்சாங்க, 1950கள்ல படைக்கும் வந்துச்சு.