லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் மேஜரை நாமே வடிவமைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. பல துறைகளையும் சேர்த்துப் படிக்கவிடும் அப்படியொரு கல்லூரியில், மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, நானே வடிவமைத்துத்தான் பட்டம் வாங்கினேன். ஆனால் "ஜியாலஜி (நிலவியல்), வரலாறு, பொருளாதாரம் மூன்றும் பிடிக்கும், அதனால் மூன்றையும் சேர்க்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'அதனால்' மட்டும் போதாது.

நான் படித்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரி. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு பாடங்களின் பட்டியல், இரு துறை ஆசிரியர்களின் சம்மதம், கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்கான திட்டம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'நீரும் சமூகமும்' என்று எழுதிக் கொடுத்தேன். ஜியாலஜி மேஜரும் வரலாறு மைனரும் (துணைப் பாடமும்) எடுத்தால் போதாதா என்று கேட்டு, விண்ணப்பங்களைப் பார்க்கும் கல்லூரிக் குழு திருப்பி அனுப்பியது.

என் பேராசிரியர் பட்டியலை மேசையில் விரித்தார். பென்சிலை ஒவ்வொரு பாடத்தின் மேலும் வைத்து, "இது இல்லாவிட்டால் உனக்கு எது தெரியாமல் போகும்?" என்று கேட்டார். ஐந்து பாடங்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஐந்தையும் அடித்துவிட்டார்.

அப்புறம்தான் அதே மாநிலத்தில் இருக்கும் குவாபின் நீர்த்தேக்கத்துக்குப் போனேன். பாஸ்டனின் குடிநீருக்காக டானா, என்ஃபீல்ட், கிரீனிச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்களை 1938 ஏப்ரல் 28-ம் தேதி சட்டப்படியே இல்லாமல் ஆக்கினார்கள். அதற்கு முந்தைய இரவு என்ஃபீல்ட் டவுன் ஹாலில் பிரிவு உபசார நடனம் நடந்தது. கல்லறைகளைக்கூடத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள். டானாவின் நடுப்பகுதி மேட்டில் இருந்ததால் மூழ்கவில்லை. இன்றும் நடந்து போகலாம். வீடுகள் இல்லை, அவற்றின் நிலவறைக் குழிகள் மட்டும் புல்லுக்கு நடுவில் கிடக்கின்றன. அங்கே நின்றபோது அப்பாயி நினைவு வந்தது. அவர் பண்ணவாடிப் பக்கம். 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் நீர் குறைந்தால் மேலே தெரியும், மூழ்கிப்போன பழைய ஊரின் நந்தியையும் மாதா கோயில் கோபுரத்தையும் காட்டித்தான் எங்களுக்கு ஊர்க்கதை சொல்வார்.

எந்த ஊர் மூழ்க வேண்டும் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இதுதான் என் கேள்வி. பள்ளத்தாக்கு ஏன் கிண்ணம் மாதிரி அமைந்தது என்பதற்கு ஜியாலஜி வேண்டும், நிலம் எடுத்த சட்டத்துக்கு வரலாறு, இழப்பீட்டுக் கணக்குக்குப் பொருளாதாரம். இதில் ஒன்றை விட்டாலும் கேள்விக்குப் பதில் கிடைக்காது. இரண்டாவது முறை குழு ஒப்புக்கொண்டது.

வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, கடைசி ஆண்டில் சபாட்டிகல் (ஆசிரியர்கள் தங்கள் ஆய்வுக்காக எடுக்கும் நீண்ட) விடுப்பில் போகிறார்களா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். என் இரண்டாவது வழிகாட்டி ஆய்வேடு எழுதும் பருவத்தில் ஊரிலேயே இல்லை, ரொம்பத் தவித்தேன். சில பாடங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும், அதையும் பாருங்கள்.

எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் போகிறீர்கள் என்றால் இன்னொன்று முக்கியம். படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டத்துக்கு மேலும் 24 மாதம். நீங்களே உருவாக்கும் மேஜர் ஸ்டெம்மில் சேருமா என்பதை அதற்குக் கல்லூரி தரும் சிஐபி என்ற பாடப்பிரிவுக் குறியீடுதான் தீர்மானிக்கும். விண்ணப்பிக்கும் முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அப்படியே, முன்பு ஒப்புதல் பெற்ற விண்ணப்பங்கள் இருந்தால் பார்க்கக் கேளுங்கள். எனக்கு இரண்டு காட்டினார்கள். இரண்டுமே ஒரு கேள்வியில்தான் தொடங்கின.