'கடற்படைக் கருவி' என்று சொல்லி விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். கடற்படை செயற்கைக்கோளில் இயங்கும் கருவி, எல்லைக்கோட்டையும் காட்டும், கரைக்குப் பேசவும் முடியும் என்று சொல்லி ஓர் ஏஜென்ட் 60,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

2013-ல் ஏவிய ஜிசாட்-7, 2025 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய சிஎம்எஸ்-03 இரண்டும் போர்க்கப்பல்களும் விமானங்களும் கரையோடு பேசிக்கொள்வதற்கான தகவல்தொடர்புக் கோள்கள். தனியார் படகுக்கு அவற்றில் இடமில்லை. இருக்கும் இடத்தைக் காட்டுவது இஸ்ரோவின் நாவிக், அமெரிக்காவின் ஜிபிஎஸ் போன்ற இடங்காட்டும் கோள்களின் வேலை; அவை பொதுவாகச் செய்தி சுமப்பதில்லை. நாவிக்கில் ராணுவத்துக்கான சங்கேதச் சேவை தனியாக இருக்கிறது. பொதுச் சேவைக்குக் கட்டணமே கிடையாது. பெட்டியின் மேல் நங்கூரப் படத்தை ஒட்டிவிட்டால் உள்ளே இருக்கும் சாதாரண ஜிபிஎஸ் கடற்படைக்குச் சொந்தமாகிவிடுமா?

'பேசவும் முடியும்' என்கிறாரே, அதுதான் எனக்குக் கவலை. துரையா, இரிடியம் போன்ற வெளிநாட்டு சேட்டிலைட் போன்களை அரசு அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். சோதனையில் பிடிபட்டால் வழக்கு படகுக்காரர் மேல்தான் விழும். அன்றைக்கு ஏஜென்டின் போன் அணைந்திருக்கும்.

இடங்காட்டும் கோள் செய்தி சுமப்பதில்லை என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஏஜென்டுகள் இதை வைத்துத்தான் கதை விடுகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறை அபாய அறிவிப்புக் கருவியில் பொத்தானை அழுத்தினால், படகு நிற்கும் இடத்தோடு செய்தி ஒரு தகவல்தொடர்புக் கோள் வழியாகப் பெங்களூரு மையத்துக்குப் போகும். அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கு. 'செய்தி கிடைத்தது' என்ற பதிலும் புயல் எச்சரிக்கையும் நாவிக் வழியாக வந்து சேரும். வருவது மட்டும்தான். நீங்கள் அனுப்பும் எதுவும் நாவிக் வழியாகப் போகாது. அதில் வீட்டுக்குப் பேசலாம் என்று யாராவது சொன்னால் அது பொய்.

உங்களுக்கு வேண்டியது டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு தொடர்புகொள்ளும் படகுக் கருவி. இஸ்ரோ வடிவமைத்தது. ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகத் தரும் மத்திய அரசுத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. குறுஞ்செய்தி அனுப்பலாம், பெறலாம். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். படகின் பதிவுச் சான்றோடு மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். 'இலவசம்' என்று மீன் இறங்குதளத்தில் ஒரு பலகை வைத்தாலே இந்த ஏஜென்டுகளுக்குப் பிழைப்பு போய்விடும். அந்தப் பலகையை வைக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை.

கருவி எதுவானாலும் நாவிக்கோடு ஜிபிஎஸ்ஸையும் எடுக்கிறதா என்று கேளுங்கள். நாவிக் கோள்கள் பலவற்றில், இடத்தைக் கணிக்கத் தேவையான அணுக்கடிகாரம் பழுதாகி ஆண்டுகள் ஓடிவிட்டன. மாற்றாக 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதைக்கே போய்ச் சேரவில்லை. படகில் இப்போதிருக்கும் ஜிபிஎஸ்ஸைக் கழற்ற வேண்டாம்.